கரண்ட் வைத்ததுண்டா?

என் கணவர் ஒயரைப் பல்லால் உரிப்பவர். உரிப்பதற்கென்றே கடையில் கருவி விற்கிறது. நானே இரண்டு முறை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இரண்டும் அவருடைய பையின் அடியில் உறை பிரிக்காமல் கிடந்தன. ஏணியில் நின்றுகொண்டு ஒரு கையால் சுவரையும் இன்னொரு கையால் ஒயரையும் பிடித்திருப்பவனுக்கு மூன்றாவது கைக்கு எங்கே போவது, பல்தான் மூன்றாவது கை என்பார். கடைவாயில் கொடுத்து ஒரு கடி, ஒரு இழுப்பு. சிவப்பு உறை கழன்று செம்புக் கம்பி பளிச்சென்று தெரியும். உறையைத் துப்பிவிட்டு அடுத்ததை எடுப்பார். முப்பது வருஷம் அப்படித்தான். அக்கம்பக்கத்தில் அவருக்குக் ‘கரண்ட்காரர்’ என்றுதான் பெயர்.

நான் அச்சகத்தில் பிழை திருத்துபவள். அழைப்பிதழ், துண்டறிக்கை, வினாத்தாள், மருந்துச் சீட்டு எது வந்தாலும் என் சிவப்புப் பேனாவைத் தாண்டித்தான் எந்திரத்துக்குப் போக வேண்டும். வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தி போகாது. அவர் சாமான் பட்டியலில் ‘சுவிச்சி ஆறு’ என்று எழுதி வைத்தால் என் கை தானாகப் பேனாவைத் தேடும். அதனால் எனக்கு அவர் வைத்த பெயர் ‘திருத்தம்’.

“ஏய் திருத்தம், என் டெஸ்டரைப் பாத்தியா?”

“சட்டைப் பையில இருக்கு, பாருங்க.”

“இந்தச் சட்டையில இல்லையே.”

“அழுக்குச் சட்டையில. ஊற வச்சாச்சு.”

எங்கள் குடித்தனம் பெரும்பாலும் இப்படிப்பட்ட உரையாடல்களால் ஆனது.

அவருடைய தொண்டையில், டான்சில் இருக்கும் இடத்தில், கேன்சர் கட்டி என்று தெரிந்தபோது அவருக்கு ஐம்பத்தேழு வயது. பெரிய ஆஸ்பத்திரியில் எங்களை முதலில் அனுப்பியது பல் டாக்டரிடம். தொண்டைக்கு வந்ததற்குப் பல் டாக்டர் எதற்கு, ஃபேன் ஓடவில்லை என்றால் குழாய்க்காரனையா கூப்பிடுவார்கள் என்று இவர் படியிலேயே முரண்டு பிடித்தார். உள்ளே இருந்த டாக்டர் நரைத்த தலை, பொறுமையான ஆள். விளக்கினார்.

“உங்களுக்குக் குடுக்கப் போற சிகிச்சையில தாடை எலும்புக்குப் போற ரத்தம் குறைஞ்சிடும். அப்புறம் கீழ்ப்பல்லைப் பிடுங்கினா அந்தக் குழி ஆறாது. எலும்பே செத்துப் போகலாம். அதனால சந்தேகமா இருக்கற பல்லை எல்லாம் இப்பவே எடுத்துடறோம். இனிமே ஆயுசுக்கும் எங்களைக் கேக்காம யாரும் உங்க கீழ்ப்பல்லுல கை வைக்கக் கூடாது. புரிஞ்சுதா?”

அவர் தலையாட்டினார். நான் எழுதிக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் வேலைப் பிரிவினை அப்படி.

இரண்டு கடைவாய்ப் பற்களை எடுத்தார்கள். புண் ஆறியதும் முகத்துக்கு ஒரு வலைமுகமூடி அச்செடுத்தார்கள். அதை மாட்டி மேசையோடு இறுக்கிப் படுக்க வைத்தார்கள். எந்திரத்தை இயக்கும் பையன் நல்ல சுபாவம். “பயப்படாதீங்க ஐயா. பத்து நிமிஷம் கரண்ட் வைப்போம், அவ்வளவுதான்” என்றான்.

“எத்தனை வோல்ட்டு?”

“இது வேற கரண்ட் ஐயா.”

“வேற கரண்ட்டா? எனக்குத் தெரியாம வேற கரண்ட் ஒண்ணு இருக்கா?”

முப்பத்து மூன்று நாள். வெளியே வரும்போது கன்னத்தில் வலையின் கட்டம் கட்டமான தடம். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், “ஊருக்கே கரண்ட் குடுத்தவன், எனக்கே கரண்ட் வச்சிட்டானுங்க” என்று சிரிப்பார். அந்தச் சொல் வீட்டில் ஒட்டிக்கொண்டது. கரண்ட் வைத்த பக்கம், கரண்ட் வைப்பதற்கு முன்னால், கரண்ட்டுக்கு அப்புறம். அதன் சரியான பெயரை வீட்டில் நாங்கள் யாரும் சொன்னதில்லை. சொல்லையே தொழிலாக வைத்திருக்கும் நானும்தான்.

கட்டி கரைந்தது. கூடவே எச்சிலும் போனது.

எச்சில் என்றால் துப்புவதற்கும் துடைப்பதற்கும் ஆன ஒன்று என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது இல்லாத மனிதனோடு ஒரு வாரம் சாப்பிட உட்கார்ந்து பார்த்தால் தெரியும். முதலில் பசை மாதிரி, நூல் நூலாக வந்தது. பிறகு அதுவும் நின்றது. பேசும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி ‘டக் டக்’ என்று சத்தம் கேட்கும். சோற்றில் ரசமாகத் தண்ணீரை ஊற்றிக் குழைத்தால்தான் இறங்கும். காரம் பட்டால் எரியும். இனிப்பு மரத்தூள். “தொட்டி இருக்கு, குழாய் இருக்கு, மோட்டார் எரிஞ்சு போச்சு” என்பார்.

அவருடைய தங்கை, என் நாத்தனார், மாதம் ஒரு முறை வருவாள். வந்தால் கையில் பிஸ்கட் இருக்கும்.

“அண்ணனுக்குப் பிடிக்குமேன்னு வாங்கினேன்.”

“அவருக்குப் பிஸ்கட் இறங்காதும்மா.”

“ஒண்ணே ஒண்ணுதானே அண்ணி. இப்படிப் பாத்துப் பாத்துக் குடுத்தா உடம்பு எப்படித் தேறும்? பாருங்க, எப்படி இளைச்சிருக்கு.”

இவரும் தங்கை மனம் நோகக் கூடாதென்று ஒன்றை வாயில் போட்டு மெல்லுவார். மென்றது மென்றபடி நிற்கும். பொடி ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவே மணல் மாதிரி அடைத்துக்கொள்ளும். கண் பிதுங்கும். நான் தண்ணீரோடு ஓடுவேன். குளியலறையில் அவர் கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்பும் சத்தம் கேட்கும். நாத்தனார் என்னைப் பார்த்து, “கொஞ்சம் பாலாவது ஊத்தி ஊற வச்சிருக்கலாம் அண்ணி” என்பாள். அந்தப் பெண்ணிடம் நான் ஒன்றும் சொன்னதில்லை. இதை எழுதும்போது சொல்லியிருக்கலாம் என்று தோன்றுகிறது.

தண்ணீர் பாட்டிலைக் கூடவே வைத்திருந்து அடிக்கடி ஒரு வாய் நனைத்துக்கொள்ள வேண்டும். வேலைக்குப் போன வீட்டிலெல்லாம் பாட்டிலை விட்டுவிட்டு வருவார். ஒரு மாதத்தில் ஏழு பாட்டில். ‘எச்சரிக்கை’ என்று தலைப்பிட்டு, இவர் பல்லை ஆஸ்பத்திரியைக் கேட்காமல் எடுக்கக் கூடாது என்று கெட்டி அட்டையில் அழகாக எழுதி, ஆஸ்பத்திரி எண்ணும் போட்டு, பர்ஸில் வைத்துக் கொடுத்தேன். ஐஸ் குச்சிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிப் பல்லுக்கிடையில் வைத்து வாயைத் திறக்கும் பயிற்சி வேறு. செய்யாவிட்டால் தாடை இறுகிவிடும். அந்தக் குச்சிகளைப் பசை கிண்டுவதற்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

இத்தனையிலும் அவர் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் களிம்பு. எச்சில்தான் பல்லுக்குக் காவலாம். காவல் போனதால் பல் சொத்தையாகாமல் இருக்க, பல் வரிசைக்கு அளவெடுத்துச் செய்த இரண்டு அச்சுகளில் களிம்பை நிரப்பி, மேலும் கீழும் மாட்டிக்கொண்டு தினமும் பத்து நிமிடம் உட்கார வேண்டும். விழுங்கக் கூடாது, பேசக் கூடாது. அந்தப் பத்து நிமிடம்தான் எங்கள் வீட்டில் என் ஆட்சி. பாட்டில், குச்சி, பிஸ்கட், ஊற வைத்த சட்டையிலிருந்த டெஸ்டர், எல்லாவற்றையும் அப்போதுதான் எடுப்பேன். அவர் கண்ணை உருட்டுவார், கையை ஆட்டுவார், கடிகாரத்தைக் காட்டுவார். பதில் சொல்ல முடியாது. பத்து நிமிடம் ஆனதும் துப்பிவிட்டு, “முடிஞ்சுதா? இப்ப நான் பேசலாமா?” என்பார். அதற்குள் எனக்கு ஓரளவு மனம் லேசாகியிருக்கும்.

இரண்டு வருஷம் இப்படிப் போனது.

எங்கள் அச்சகத்துக்கு இரண்டு தெரு தள்ளி, செருப்புக் கடை இருந்த இடத்தில், புதிதாக ஒரு பல் மருத்துவமனை வந்தது. ஒயரிங் வேலை இவருக்கு. டாக்டர் சின்னப் பெண், சுறுசுறுப்பு. நாற்காலிக்குத் தனி லைன், எக்ஸ்ரே எந்திரத்துக்குத் தனி எர்த் என்று இவர் ஒரு மாதம் அங்கேயே கிடந்தார். ஒரு நாள் மத்தியானம் கையில் இரண்டு தாளோடு வந்தார்.

“டாக்டரம்மாவுக்குப் பாரம் அச்சடிக்கணுமாம். உன் பிரஸ்ல குடுத்திடு.”

“பாரம் இல்லைங்க, படிவம்.”

“பாரமோ படிவமோ, சீக்கிரமா வேணுமாம்.”

நோயாளிகள் நிரப்பித் தர வேண்டிய கேள்விகள். டாக்டரம்மா கைப்பட எழுதியிருந்தாள். ‘சுகர் இருக்கா?’ என்று ஒரு கேள்வி. ‘பிரஷர் மாத்திரை சாப்பிடறீங்களா?’ என்று ஒன்று. படித்த பெண் இப்படி எழுதலாமா என்று எனக்குக் கோபமே வந்தது. நீரிழிவு நோய் உண்டா, இரத்த அழுத்தத்திற்கு மருந்து உட்கொள்கிறீர்களா என்று வரி வரியாக மாற்றினேன். இரண்டு பக்கத்தில் இருபத்தாறு திருத்தம். எங்கள் முதலாளி என்னைவிட இளையவர். வாங்கிப் பார்த்துவிட்டு, “படிக்கவே கம்பீரமா இருக்குக்கா” என்றார். அன்றைக்கு நான் கொஞ்சம் நிமிர்ந்துதான் வீட்டுக்கு நடந்தேன்.

அதே மாதம் இவருடைய பல் உடைந்தது. ஈறை ஒட்டிப் பற்களில் பழுப்புக் கோடு விழுந்திருந்தது. எவ்வளவு களிம்பு வைத்தாலும் எச்சில் செய்த வேலையை அது முழுதாகச் செய்யுமா? அந்தப் பல்லில் ஒயரைக் கொடுத்திருக்கிறார். படக்கென்று பாதி கையோடு வந்துவிட்டது. இதெல்லாம் பிறகு தெரிந்த விஷயம். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் இடது பக்கமாகவே மென்றதுதான்.

“வலிக்குதா?”

“இல்லையே.”

“அப்ப ஏன் ஒரு பக்கமா மெல்லறீங்க?”

“அந்தப் பக்கத்துக்கு லீவு விட்டிருக்கேன்.”

நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். டாக்டரம்மா வேலை முடியட்டும் என்றார். வேலை முடிந்த அன்று மத்தியானம் நான் சாப்பிட வீட்டுக்கு வந்திருந்தேன். அவர் உள்ளே நுழைந்தார். ஒரு கன்னம் உப்பியிருந்தது.

“வாயில என்ன?”

“பஞ்சு.”

“பஞ்சு தெரியுது. எதுக்குப் பஞ்சு?”

“பல்லை எடுத்தாச்சு. ஒரு நொடிதான். அந்தப் பொண்ணுக்குக் கை என்ன பதம் தெரியுமா!”

“எந்தப் பல்லு?”

வலது கீழ்த் தாடையைத் தொட்டுக் காட்டினார். கரண்ட் வைத்த பக்கம்.

அடுப்பை அணைத்தேன். அணைத்துவிட்டுத்தான் பேசினேன் என்பது நினைவிருக்கிறது.

“ஆஸ்பத்திரியில என்ன சொல்லி அனுப்பினாங்க?”

“அது அப்ப. ரெண்டு வருஷம் ஆச்சே. ஸ்விட்சை ஆஃப் பண்ணினா கரண்ட் போயிடும். ஒயர்லயே உக்காந்துட்டிருக்குமா?”

“நீங்க ஒயரா? ஏங்க, நீங்க ஒயரா?”

“கத்தாத. ரத்தம் நிக்கணும், அமைதியா இருக்கணும்னு சொல்லியிருக்காங்க.”

“அந்தப் பொண்ணுகிட்ட சொன்னீங்களா இல்லையா?”

“சொல்லாம என்ன? கழுத்துக்குக் கரண்ட் வச்சிருக்குன்னு சொன்னேன். இப்பக் கழுத்து வலி இருக்கான்னு கேட்டுச்சு. இல்லைன்னேன்.”

“கேன்சர்னு சொன்னீங்களா?”

“அது கேக்கல. அதைச் சொன்னா நாளைக்கு எவன் என்னை வேலைக்குக் கூப்பிடுவான்? பாவம், ஏணியில ஏத்தக் கூடாதுன்னுடுவானுங்க.”

“அட்டையைக் காட்டியிருக்கலாம்ல?”

அவர் சுவரைப் பார்த்தார்.

“பர்ஸைக் குடுங்க.”

பர்ஸில் அட்டை இல்லை. போன வருஷமே ஏதோ ஒரு வீட்டில் ஸ்விட்ச்போர்டு ஆடியிருக்கிறது. இடைவெளியில் அண்டை கொடுக்கக் கெட்டியாக ஒன்று தேவைப்பட்டிருக்கிறது. நான்காக மடித்தால் சரியான கனமாம். எந்த வீடு என்பது நினைவில்லையாம். இந்த ஊரில் ஏதோ ஒரு சுவருக்குள் என் கையெழுத்து இன்னும் எச்சரித்துக்கொண்டிருக்கிறது.

மறுநாள் காலையில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முன்னால் நான் மட்டும் அந்த டாக்டரம்மாவிடம் போனேன். சண்டை போடத்தான் போனேன். வழி நெடுக வாக்கியங்களைத் தயார் செய்துகொண்டே நடந்தேன். அவள் விஷயத்தைக் கேட்டதும் கையுறையைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்துவிட்டது.

“கரண்ட்னு சொன்னாரும்மா. கழுத்து வலிக்குப் பிசியோவுல கரண்ட் வைப்பாங்களே, எங்கப்பாவுக்குக்கூட வச்சாங்க. அதுன்னு நெனச்சேன்.”

“வாய் அப்படிக் காஞ்சு கெடக்கே, அதைப் பாத்துமா சந்தேகம் வரல?”

“கேட்டேம்மா. பிரஷர் மாத்திரையாலன்னு சொன்னார்.”

பிரஷர் மாத்திரை அவர் ஒரு நாளும் சாப்பிட்டதில்லை.

“என் மேலயும் தப்பு இருக்கு. நான் இன்னும் நாலு கேள்வி கேட்டிருக்கணும். கரண்ட்னதும் கேன்சருக்கான்னு பாரத்தைத்தான் பாத்தேன், இல்லைன்னு இருந்துச்சு, நம்பிட்டேன்” என்றவள் எழுந்துபோய் அலமாரியிலிருந்து அவர் நிரப்பிய படிவத்தை எடுத்து வந்தாள். “இதோ பாருங்க, அவர் கையாலதான் போட்டிருக்கார்.”

பதினான்காவது கேள்வி. ‘தலை, கழுத்துப் பகுதிகளில் கதிரியக்கச் சிகிச்சை மேற்கொண்டதுண்டா?’ ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். இல்லை என்ற கட்டத்தில் ஏணிக்காரனின் தடித்த பென்சிலால் பெரிய டிக்.

“நான் கரண்ட்னுதாம்மா எழுதிக் குடுத்தேன். ‘கழுத்துல கேன்சருக்குக் கரண்ட் வச்சிருக்கா?’ன்னு. நான் படிச்ச ஆஸ்பத்திரியில பேஷண்டுங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. பிரஸ்ல யாரோ தமிழ்ப் பண்டிதர் இருக்கார் போல, மாத்திட்டார். நானும் பாக்க நல்லா இருக்கேன்னு விட்டுட்டேன்.”

‘மேற்கொண்டதுண்டா’ என்ற சொல்லைப் பார்த்தபடி நின்றேன். என்னுடைய சொல்தான். நான் எழுதினால் அப்படித்தான் எழுதுவேன். கேன்சர் என்ற சொல்லையும் தேவையில்லாமல் நீட்டுகிறது என்று அடித்திருக்கிறேன். அந்த வரியைத் திருத்தும்போது, இரண்டு வருஷமாகக் கரண்ட் வைத்த மனிதனோடு குடித்தனம் நடத்துகிற எனக்கு, ஒரு கணம்கூடக் கை நிற்கவில்லை. கண் எழுத்தைத்தான் பார்த்திருக்கிறது.

தயார் செய்து வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றைக்கூட நான் சொல்லவில்லை. “வரேம்மா, ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு” என்று கிளம்பிவிட்டேன். பண்டிதர் யாரென்றும் சொல்லவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் நரைத்த டாக்டர் முதல் முறையாகக் குரலை உயர்த்தினார். இவர் தலையாட்டினார். நான் மறுபடியும் எழுதிக்கொண்டேன்.

குழி ஆறவில்லை. மாத்திரை, கொப்பளிக்க மருந்து, பிறகு கண்ணாடிக் கூண்டு மாதிரி ஒன்றுக்குள் படுத்து ஆக்சிஜன் இழுக்கும் சிகிச்சை. அந்தக் கூண்டுக்கு எர்த் எங்கே கொடுத்திருக்கிறார்கள் என்று முதல் நாளே விசாரித்துவிட்டார். மூன்றாம் மாதம் ஈறுக்கு நடுவே எலும்பு தெரிந்தது, பழைய சுண்ணாம்புத் துண்டு மாதிரி. வாயிலிருந்து ஒரு வாடை வந்தது. அது அவருக்கே தெரிந்து, பேசும்போது கையால் வாயை மறைத்துக்கொள்ளத் தொடங்கினார். சோறும் நின்று எல்லாம் நீராகாரம் ஆனது. ஒரு நாள் சின்ன எலும்புத் துணுக்கு ஒன்று தானாக உதிர்ந்தது. அதைக் கழுவி ஸ்க்ரூ டப்பாவில் போட்டு வைத்தார். “ஸ்பேர்” என்றார்.

இவ்வளவு நாளும் நான் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். முன்னைவிட அதிகமாக. படிக்கத் தெரிந்த மனுஷர்தானே, புரியாவிட்டால் கேட்கக் கூடாதா, வாய் இருக்கிறதே, எதற்கு இருக்கிறது என்று. நாத்தனார் போனில் கேட்டபோதும், “உங்க அண்ணன் படிவத்துல இல்லைன்னு போட்டுட்டு வந்திருக்கார், நான் என்ன பண்ணட்டும்?” என்றேன். ஒவ்வொரு முறை திட்டி முடிக்கும்போதும் நெஞ்சில் ஏதோ கனமாக இறங்கும். அதைப் போக்க மறுபடியும் திட்டுவேன். இப்படி ஒரு கேவலமான சுற்றில் நான்கு மாதம் ஓடியது.

அப்போது கீழ் வரிசைக்கு அச்சு மாட்ட முடியாது. மேல் வரிசைக்கு மட்டும். ஆனாலும் பத்து நிமிடம் வாயை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் களிம்பை மாட்டிக்கொண்டு சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தார். நான் எதிரே உட்கார்ந்தேன். இன்றைக்கு என்ன வரப்போகிறதோ என்று புருவத்தை உயர்த்தினார்.

“அந்தப் பாரத்துல டாக்டரம்மா கரண்ட்னுதான் எழுதியிருந்தாங்க.”

புருவம் அப்படியே நின்றது. நான் முதல் தடவையாகப் பாரம் என்று சொன்னதாலும் இருக்கலாம்.

“பிரஸ்ல மாத்தினாங்க. மாத்தினது நான்தான். கதிரியக்கச் சிகிச்சைன்னு போட்டது நான். கேன்சர்னு இருந்ததை அடிச்சதும் நான்தான்.”

அவர் என்னைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு நிமிடம்தான் ஆகியிருந்தது. தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது. அச்சைத் துப்பினார்.

“இன்னும் ஆறு நிமிஷம் இருக்குங்க!”

“அது கெடக்குது. கதிரியக்கம்னா நான் என்ன நெனச்சேன் தெரியுமா? இந்தக் குண்டு போடுவாங்களே, அதுன்னு நெனச்சேன். நம்ம மேல எவன் குண்டு போட்டான், அதான் இல்லைன்னு டிக் போட்டேன்.”

சிரித்துச் சிரித்துத் தாடையைப் பிடித்துக்கொண்டார். வலித்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

“அப்ப நாலு மாசமா நீ திட்டினதெல்லாம்?”

“அதுல பாதி வேற விஷயத்துக்கு.”

“மீதிப் பாதி?”

“நீங்களும் பிரஷர் மாத்திரைன்னு பொய் சொல்லியிருக்கீங்க.”

“பேச்சை மாத்தாத, திருத்தம். எழுதிக் குடு. தப்பு என் மேலன்னு உன் கையெழுத்துல எழுதிக் குடு. தங்கச்சி வந்தா காட்டணும்.”

எழுதிக் கொடுத்தேன். ‘தவறு’ என்று எழுதியிருந்தேன். “தப்புன்னு எழுது, தவறு எனக்குப் புரியாது” என்றார். அடித்துவிட்டுத் தப்பு என்று எழுதினேன். அதைச் சமையலறை ஸ்விட்ச்போர்டுக்குப் பக்கத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் நான்கு மூலையும் ஒட்டினார். நாத்தனார் பிஸ்கட்டோடு வந்தபோது மெனக்கெட்டு அழைத்துப்போய்க் காட்டினார். அவள் படித்துவிட்டு, “அண்ணி எழுத்து எவ்வளவு அழகா இருக்கு” என்றாள். அவர்கள் குடும்பமே அப்படி.

அதன்பிறகு ஒன்பது மாதம் இருந்தார். தாடையில் ஒரு பகுதியை எடுத்தார்கள். எடுத்த பிறகு விழுங்குவது இன்னும் மோசமானது. குடிக்கிற தண்ணீரே புரையேறும். கடைசியில் நெஞ்சில் சளி கட்டிப் போனார். சான்றிதழில் நிமோனியா என்று இருந்தது. இரண்டு முறை படித்தேன். எழுத்துப் பிழை இல்லை. தாடை என்ற சொல்லும் எங்கும் இல்லை.

அவர் போன பிறகு அந்தப் பத்து நிமிடத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. நாற்காலியைப் பார்த்து இரண்டொரு நாள் திட்டிப் பார்த்தேன். கண்ணை உருட்ட ஆளில்லாமல் திட்டுவதில் ஒரு சாரமும் இல்லை.

நான்காம் மாதம் அச்சகத்துக்குத் திரும்பினேன். ஒரு வாரம் கழித்து முதலாளி ஒரு தாளை மேசையில் வைத்தார்.

“அந்தப் பல் ஆஸ்பத்திரிப் படிவம் தீர்ந்து போச்சாம்க்கா. அதையே மறுபடி ஓட்டிடலாம். திருத்தம் ஒண்ணும் இருக்காது.”

“இருக்கு.”

பதினான்காவது கேள்வியை அடித்தேன். ‘கழுத்தில், தொண்டையில், வாயில் கேன்சருக்குக் கரண்ட் வைத்ததுண்டா?’ என்று எழுதினேன். அதற்குக் கீழே சின்ன எழுத்தில், ‘எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும் சொல்லுங்கள்’ என்று ஒரு வரி. முதலாளி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

“என்னக்கா இது, கரண்ட் கிரண்ட்னு? கொச்சையா இருக்கே. நீங்களா எழுதினீங்க?”

“நான்தான்.”

“டாக்டர் கேட்டா?”

“அவங்க முதல்ல எழுதினதுதான். நாமதான் கெடுத்தோம்.”

அவர் தலையைச் சொறிந்துகொண்டு போனார். அவர் போனதும் இன்னொரு காரியம் செய்தேன். ஆம், இல்லை என்று இரண்டு கட்டம்தான் இருந்தது. பக்கத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டு, ‘தெரியவில்லை, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்’ என்று சேர்த்தேன். இடம் போதவில்லை. எழுத்தைச் சற்றுச் சிறிதாக்க வேண்டியிருந்தது. இருபத்தைந்து வருஷத்தில் வாடிக்கையாளரைக் கேட்காமல் நான் வரி சேர்த்தது அந்த ஒரு முறைதான்.

டாக்டரம்மாவிடமிருந்து புகார் வரவில்லை. போன வாரம் அந்த வழியாகப் போனேன். கூப்பிட்டு உட்கார வைத்தாள். இதற்குள் பண்டிதர் யாரென்று அவளிடம் சொல்லிவிட்டிருந்தேன்.

“உங்க மூணாவது கட்டம் இருக்கே, அதுல இதுவரைக்கும் பதினோரு பேர் டிக் போட்டிருக்காங்கம்மா. போன் பண்ணி வீட்டுல கேட்டேன். அதுல ஒருத்தருக்கு நிஜமாவே கரண்ட் வச்சிருக்கு. பல்லைத் தொடாம அனுப்பிட்டேன்.”

“அந்தப் பதினோரு பேரும் யாரு?”

அவள் படிவங்களைப் புரட்டிப் பார்த்தாள். மறுபடியும் முதலிலிருந்து பார்த்தாள்.

“எல்லாருமே ஆம்பளைங்கம்மா.”

அதானே.